எழுபத்திரண்டில் ஒரு பங்கு

பொம்மை வேறு, மாதிரி உருவம் வேறு. திருவிழாக் கடையில் வாங்கிய தகர விமானம் ஒரு பொம்மை. அதன் இறக்கை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று செய்தவரும் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. இரண்டு இறக்கையும் முன்னால் சுழலும் விசிறியும் இருந்தால் குழந்தைக்குப் போதும். மாதிரி உருவம் அத்தகையதன்று. உண்மையான விமானத்தின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே கணக்கில் குறுக்கப்பட்டு, ஒன்றோடொன்று உள்ள பொருத்தம் மாறாமல் சிறு வடிவில் அமைவதே மாதிரி உருவம். இவ்விரண்டையும் வேறுபடுத்துவது அளவு.

உலகின் பல நாடுகளில் இளைஞரும் முதியவரும் ஓய்வு நேரத்தில் ஆகாய விமானங்களையும் டாங்கிகளையும் இவ்வாறு சிறு உருவில் கட்டி மகிழ்கின்றனர். நம் நாட்டிலும் இப்பழக்கம் உடையோர் உளர். இதைக் காணும் பெற்றோர்க்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. 'வளர்ந்த பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு?' என்பது ஒன்று. 'கட்டுவதற்கு உலகத்தில் வேறு பொருளே இல்லையா? கொலைக் கருவிகளையா கட்ட வேண்டும்?' என்பது மற்றொன்று. முதல் ஐயம் எளியது, இரண்டாவது வலியது. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு இக்கலையின் இயல்பைச் சற்று ஆராய்வோம்.

முதலில் அளவின் கணக்கு. விமான மாதிரிகளில் மிகுதியாக வழங்குவது 1/72 என்னும் விகிதம். உண்மைப் பொருளில் 72 அங்குலம் இருப்பது மாதிரியில் 1 அங்குலம் ஆகும். 72 அங்குலம் என்பது 6 அடி. ஆகவே ஆறடி மனிதன் இங்கே ஓரங்குல உயரத்தில் நிற்பான். அடியும் அங்குலமும் கொண்டு அளந்து பழகிய ஆங்கிலேயர்க்கு இது எளிய கணக்கு. ஸ்பிட்ஃபயர் என்னும் பிரிட்டிஷ் போர் விமானத்தின் இறக்கை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, 36 அடி 10 அங்குலம். மாதிரியில் அது 6 அங்குலத்தைச் சற்றே கடக்கும். டாங்கிகளுக்குப் பெரிதும் வழங்கும் விகிதம் 1/35. அமெரிக்கரின் ஷெர்மன் டாங்கி 5.84 மீட்டர் நீளமுடையது. மாதிரியில் அது 167 மில்லிமீட்டராகும்.

இங்கே மாணவர் கருத்தில் கொள்ள வேண்டிய ஓர் உண்மை உண்டு. நீளம் 35-இல் ஒரு பங்காகும்போது பரப்பு 1,225-இல் ஒரு பங்காகிறது. கனஅளவோ 42,875-இல் ஒரு பங்காகிறது. 30 டன் எடையுள்ள ஷெர்மனை அதே எஃகினால் 1/35 அளவில் செய்தாலும் அதன் எடை ஏறக்குறைய 700 கிராம்தான் இருக்கும். வடிவம் குறையும் விகிதம் வேறு. எடை குறையும் விகிதம் வேறு. இதனால் விளையும் தொல்லை ஒன்றைப் பின்னர்க் காண்போம்.

இக்கலை வளர்ந்த வரலாறு சுவையானது. 1932-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 'ஸ்கைபேர்ட்ஸ்' என்னும் பெயரில், மரத்தாலும் உலோகத்தாலும் ஆன பாகங்கள் அடங்கிய பெட்டிகள் 1/72 அளவில் விற்பனைக்கு வந்தன. 1936-இல் 'ஃபிராக்' என்னும் பெயர் கொண்ட மாதிரிகளைச் செய்துவந்தவர்கள், செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்களைப் பெட்டியிலிட்டு விற்கலாயினர். அதுவரை அவர்கள் விற்றவை உண்மையாகவே காற்றில் பறக்கும் மாதிரிகள். புதியவையோ பறவாதவை. ஆதலின் இவற்றுக்குப் பறவாப் பறவையாகிய 'பென்குவின்' என்னும் பெயரை இட்டனர். அந்நாளில் இவை பிள்ளைகளின் பொழுதுபோக்காகவே இருந்தன.

அந்நிலையைப் போர் மாற்றிவிட்டது. 1939 செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டன் போரில் இறங்கியது. மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 6-ஆம் நாள் காலையில், ஸ்பிட்ஃபயர் விமானிகள் தம் நாட்டு ஹரிக்கேன் விமானங்கள் இரண்டைப் பகைவருடையவை என்று எண்ணிச் சுட்டு வீழ்த்தினர். மாண்டேகு ஹல்டன்-ஹாரப் என்னும் இளம் விமானி மாண்டார். அப்போரில் உயிர் நீத்த முதல் பிரிட்டிஷ் சண்டை விமானி அவரே என்பர். பகைவர் எவரும் அன்று அங்கே வரவில்லை. தோற்றத்தை அறியாமையே அந்த உயிரைக் கொண்டுபோயிற்று.

விமானத்தை அடையாளம் காண்பது எளிதன்று. நாலைந்து விநாடிகளுக்குள் முடிவு செய்ய வேண்டும். படத்தைப் பார்த்துப் பயின்றால் போதாதா என்று கேட்கலாம். படம் ஒரு திசையை மட்டுமே காட்டும். வானத்தில் வரும் விமானமோ நேர் எதிரே வரும், பக்கவாட்டில் சாயும், தலைக்கு மேலே செல்லும். எத்திசையிலும் திருப்பிப் பார்ப்பதற்குக் கையில் ஒரு திண்ணிய உருவம் வேண்டும். அந்த உருவம் சரியான அளவில் அமைந்திருந்தால் மற்றொரு பயனும் உண்டு. 1/72 அளவுள்ள மாதிரியைப் பத்து மீட்டர் தொலைவில் பிடித்தால், உண்மை விமானம் 720 மீட்டர் தொலைவில் எவ்வளவு பெரிதாகத் தோன்றுமோ அவ்வளவே தோன்றும். ஒரு வகுப்பறைக்குள்ளேயே முக்கால் கிலோமீட்டர் வானத்தை அடக்கிவிடலாம்.

இதனை உணர்ந்த அமெரிக்கக் கடற்படையினர் 1942-ஆம் ஆண்டில் பள்ளிகளின் உதவியை நாடினர். அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிகளின் தச்சுக்கூடங்களில் மாணவர்கள் 1/72 அளவில் மரத்தைச் செதுக்கி விமான உருவங்களைச் செய்தனர். வேண்டப்பட்டவை 5,00,000 உருவங்கள். வரைபடத்தோடு வந்த அட்டை அச்சுகளை வைத்துப் பார்த்து, அளவு பிசகாதவையே ஏற்கப்பட்டன. உருவம் மட்டுமே கண்ணில் படுமாறு அவற்றுக்குக் கருநிறம் பூசினர். பதினைந்து வயதுப் பிள்ளை உப்புத்தாளால் தேய்த்த இறக்கை, எங்கோ ஒரு கப்பலில் பீரங்கியின் அருகே நின்றவனுக்குப் பாடநூலாயிற்று.

அப்படியிருந்தும் பிழைகள் நேர்ந்தன. 1943 ஜூலை 11-ஆம் நாள் இரவு, சிசிலித் தீவில் இறங்குவதற்காக அமெரிக்கப் போர்வீரரை ஏற்றிக்கொண்டு 144 விமானங்கள் சென்றன. கீழே இருந்த நேச நாட்டுக் கப்பல்களும் படைகளும் அவற்றைப் பகைவரின் விமானங்கள் என்று கருதிச் சுட்டன. 23 விமானங்கள் வீழ்ந்தன. இந்தப் படிப்பினையால், 1944 ஜூன் 6-இல் நார்மண்டிக் கரையில் இறங்குமுன் நேச நாட்டு விமானங்களின் இறக்கைகளிலும் உடலிலும் வெள்ளையும் கறுப்புமாக ஐந்து பட்டைகள் தீட்டுமாறு கட்டளை பிறந்தது. ஒற்றை எஞ்சின் விமானத்தில் ஒவ்வொரு பட்டையின் அகலமும் 18 அங்குலம்.

இன்று அந்த விமானத்தின் மாதிரியைக் கட்டும் சிறுவன் அப்பட்டைகளைத் தீட்டியாக வேண்டும். 18 அங்குலத்தை 72-ஆல் வகுத்தால் கால் அங்குலம். அளவுகோலை வைத்துக் கால் அங்குலப் பட்டை இழுக்கும் சிறுவனுக்கு, 'இது ஏன் இங்கே இருக்கிறது?' என்ற கேள்வி பிறக்கிறது. தேடிப் படித்தால் சிசிலியின் இரவு தெரியவருகிறது. மேலும் படித்தால் வேறொன்றும் தெரியவரும். அப்பட்டைகளை நாட்கணக்கில் அன்று, மணிக்கணக்கில் தீட்ட வேண்டியிருந்தது. பல விமானங்களில் அவை கோணலாகவே அமைந்தன. ஆதலின் மிகவும் நேராகத் தீட்டிய பட்டை பார்வைக்கு அழகாயினும் உண்மைக்குச் சற்றுத் தொலைவானதே. அழகுக்கும் உண்மைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை உணர்வது ஒரு நல்ல கல்வி அன்றோ?

போர் முடிந்தபின் மாதிரிகள் மீண்டும் கடைத்தெருவுக்கு வந்தன. ஹங்கேரி நாட்டிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் என்பவர் 1939-இல் இலண்டனில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், 1952-இல் 'கோல்டன் ஹைண்ட்' என்னும் பழைய கப்பலின் பாகங்களைச் சாதாரண பிளாஸ்டிக் பையிலிட்டு இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. அடுத்த ஆண்டு ஸ்பிட்ஃபயர் வந்தது. ஏழைச் சிறுவனும் சில வாரம் காசு சேர்த்தால் வாங்கக்கூடிய விலை அது.

ஜப்பானில் ஷிசுவோகா நகரில் 1946-இல் மரவியாபாரமாகத் தொடங்கிய டாமியா நிறுவனம் முதலில் மர மாதிரிகளைச் செய்தது. 1960-இல் பிளாஸ்டிக்குக்கு மாறியது. அது 1960-களின் தொடக்கத்தில் வெளியிட்ட பாந்தர் டாங்கி, மின்கலத்தாலும் சிறு மோட்டாராலும் ஓடுவது. மின்கலங்கள் உள்ளே அடங்க வேண்டுமே என்று டாங்கியின் உடலுக்கு ஓர் அகலம் வைத்தனர். பிறகு கணக்கிட்டுப் பார்த்தபோது அது உண்மை டாங்கியில் ஏறக்குறைய 35-இல் ஒரு பங்காக இருந்தது. மின்கலத்தின் பருமனால் பிறந்த இந்த விகிதமே இன்று உலகெங்கும் டாங்கி மாதிரிகளின் பொது அளவாக நிலைத்துவிட்டது.

இனிக் கட்டும் முறையைக் காண்போம். பெட்டியைத் திறந்தால் பாகங்கள், கொடியில் காய்கள் தொங்குவதுபோல், பிளாஸ்டிக் சட்டங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் அருகிலும் எண் இருக்கும். பாகத்தைக் கையால் முறித்தல் ஆகாது. சிறிய வெட்டுக்குறடால் நறுக்கி, எஞ்சிய முனையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை பாகங்களின்மேல் இருக்கக்கூடும். சோப்பு நீரில் கழுவி உலர்த்தினால் வண்ணம் நன்கு பிடிக்கும். ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பார்க்க வேண்டும். பொருந்தாததைத் தேய்த்துப் பொருந்தச் செய்தபின்னரே பசையை எடுக்க வேண்டும்.

இதற்குரிய பசையும் காகிதம் ஒட்டும் பசையும் ஒன்றல்ல. இன்றைய மாதிரிகள் பெரும்பாலும் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. இப்பசை அதன் மேற்பரப்பைக் கரைக்கிறது. கரைந்த இரு பரப்புகளும் கலந்து, பின் இறுகி, ஒன்றாகிவிடுகின்றன. ஆதலின் ஒரு துளி போதும். மிகுந்தால் பாகமே உருகி உருக்குலையும். அதன் ஆவி உடலுக்கு ஆகாது. சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். கத்தியைச் சிறுவர் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடன் இருத்தல் நலம்.

விமானம் கட்டுவோர் இறக்கையிலிருந்து தொடங்குவதில்லை. விமானியின் இருக்கையிலிருந்து தொடங்குகின்றனர். உடலின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால் உள்ளே கை செல்லாது. ஆகவே இருக்கை, கருவிப் பலகை, பிடிகோல், இடுப்புவார் ஆகியவற்றை முதலில் செய்து, வண்ணம் தீட்டி, உள்ளே அமைத்த பிறகே உடலை மூடுகின்றனர். இணைப்பில் தோன்றும் இடைவெளியை மக்கு வைத்து அடைத்துத் தேய்க்கின்றனர். வண்ணத்தை நீர்க்கப் பூசி, உலரவிட்டு, மீண்டும் பூசுகின்றனர். இறுதியில், நீரில் ஊறவைத்தால் தாளிலிருந்து நழுவி வரும் சின்னங்களை உரிய இடத்தில் பதிக்கின்றனர்.

டாங்கி கட்டுவோரின் தொல்லை வேறு. முன்னர்ச் சொன்ன எடைக்கணக்கு இங்கே குறுக்கிடுகிறது. டைகர், பாந்தர் போன்ற ஜெர்மானிய டாங்கிகளின் எஃகுச் சங்கிலிப் பட்டை, தன் எடையாலேயே தொய்ந்து சக்கரங்களின்மேல் படிந்து கிடக்கும். மாதிரியிலுள்ள பட்டைக்கோ எடையே இல்லை. நாணேற்றிய வில்போல் விறைப்பாக நிற்கும். கட்டுபவன் நூலால் இழுத்துக் கட்டியோ, பசையிட்டு அழுத்தியோ அத்தொய்வைத் தன் கையால் உண்டாக்க வேண்டும். இதற்கு உண்மை டாங்கியின் படத்தையாவது பார்த்திருக்க வேண்டும். 1943 ஏப்ரலில் துனீசியாவில் பிரிட்டிஷார் கைப்பற்றிய டைகர் ஒன்று இங்கிலாந்தில் பாவிங்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் ஓடும் நிலையில் உள்ளது. நுணுக்கம் விரும்புவோர் அதன் படங்களைத் தேடிப் பார்க்கின்றனர்.

தடிப்பையும் அளந்து பார்க்கலாம். ஷெர்மனின் பக்கவாட்டுக் கவசம் 38 மில்லிமீட்டர். 1/35 அளவில் அது 1.1 மில்லிமீட்டர். மாதிரியின் பிளாஸ்டிக் சுவரும் ஏறக்குறைய அவ்வளவே தடிப்புடையது. விமானத்திலோ நிலைமை நேர்மாறு. அதன் அலுமினியத் தோல் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதனை 72-ஆல் வகுத்தால் தலைமயிரின் தடிப்பைவிடக் குறைவு. அவ்வளவு மெல்லிய சுவரைப் பிளாஸ்டிக்கில் வார்க்க இயலாது. எனவே கைத்திறன் மிக்கவர்கள் கண்ணுக்குத் தெரியும் விளிம்புகளை மட்டும் தேய்த்து மெலிதாக்கி, மெலிவு என்னும் தோற்றத்தை உண்டாக்குகின்றனர்.

இவ்வளவும் கேட்டபின், இது வெறும் விளையாட்டு என்னும் முதல் ஐயம் நீங்கியிருக்கும். கணக்கும் வரலாறும் கைத்தொழிலும் இங்கே ஒருங்கே பயிலப்படுகின்றன. இரண்டாவது ஐயத்துக்கு வருவோம். போர்க்கருவியைக் கட்டுவதால் போரில் விருப்பம் வளராதா?

பெட்டியின் மேலட்டைப் படத்தை மட்டும் பார்த்தால் வளரக்கூடும். அங்கே எப்போதும் தீப்பிழம்பும் வெற்றியும்தான் தீட்டப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் பாகங்களை அளந்து பார்ப்பவன் வேறொன்றை அறிவான். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன்.

லாங்காஸ்டர் என்பது இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் புகழ்பெற்ற குண்டுவீச்சு விமானம். அதில் எழுவர் செல்வர். விமானம் தாக்கப்பட்டால் குதித்துத் தப்புவதற்கென்று மூக்குப் பகுதியின் தரையில் ஒரு திறப்பு இருந்தது. அதன் அகலம் 22 அங்குலம். ஹாலிஃபாக்ஸ் என்னும் மற்றொரு குண்டுவீச்சு விமானத்தில் அத்தகைய திறப்பு 24 அங்குலம். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற இயற்பியல் அறிஞர் ஃபிரீமன் டைசன், 1943 முதல் 1945 வரை பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையின் தலைமையகத்தில் கணக்காய்வு செய்தவர். சுட்டு வீழ்த்தப்பட்ட ஹாலிஃபாக்ஸ் முதலிய பழைய விமானங்களிலிருந்து நூற்றுக்கு 25 பேர் தப்பினர் என்றும், லாங்காஸ்டரிலிருந்து 15 பேரே தப்பினர் என்றும் அவர் எழுதியுள்ளார். கனத்த உடையும் பாராசூட்டும் அணிந்தவன், இருளில், சுழன்று விழும் விமானத்திலிருந்து அத்திறப்பின் வழியே வெளியேற வேண்டும். அவருடன் பணியாற்றிய ஒருவர் அதை அகலப்படுத்துமாறு நெடுங்காலம் வாதாடினார். போர் முடியும் வரையிலும் அகன்ற திறப்பு எல்லா விமானங்களுக்கும் வந்துசேரவில்லை. அப்படையில் 55,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அந்த இரண்டு அங்குல வேறுபாடு 1/72 அளவில் 0.7 மில்லிமீட்டர். பென்சில் கோட்டைவிடச் சற்றுத் தடித்தது, அவ்வளவே. மாதிரி கட்டும் இளைஞன் அத்திறப்பின்மேல் அளவுகோலை வைத்து, ஓரங்குல மனிதனை அருகில் நிறுத்திப் பார்த்தால், வீரக்கதைகள் சொல்லாத ஒன்றை அவன் கண்ணாலேயே காண்பான். கருவியைப் போற்றும் எண்ணம் குறையும். உள்ளே இருந்தவனைப் பற்றிய எண்ணம் மிகும்.

ஆயினும் இதனோடு நிற்கக் கூடாது. மாதிரியில் இடம்பெறாத மக்களும் உண்டு. லாங்காஸ்டர் போன்ற விமானங்கள் ஏறக்குறைய 20,000 அடி உயரத்திலிருந்து குண்டு வீசின. 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் நேர்ந்த தாக்குதல்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நகரையும் 1/72 அளவில் அமைக்க வேண்டுமானால், மேசைமேல் நிற்கும் விமானத்துக்கு 278 அடி கீழே அமைக்க வேண்டும். அது இருபத்தைந்து மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தரையைப் பார்க்கும் தொலைவு. எந்தப் பெட்டியிலும் அந்த நகரத்தின் பாகங்கள் வருவதில்லை. கணக்கிட்டுப் பார்ப்பவனுக்கே அது எங்கே இருந்தது என்பது தெரியும்.

ஆதலின் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் நான் சொல்ல விரும்புவது இது. பிள்ளை மாதிரி கட்ட விரும்பினால் தடுக்க வேண்டா. குறைந்த பாகங்கள் கொண்ட ஓர் எளிய விமானத்தில் தொடங்கட்டும். பெட்டியோடு ஓர் அளவுகோலையும் வாங்கிக் கொடுங்கள். அவன் முடித்துக் கொண்டுவந்து காட்டும்போது, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் எத்தனை பேர் இருந்தனர்? ஆபத்து வந்தால் அவர்கள் எவ்வழியே வெளியேறுவர்? இது எவ்வளவு உயரத்தில் பறந்தது, கீழே யார் இருந்தனர்? விடை தெரியாவிட்டால் அவன் தேடட்டும்; நீங்களும் உடன் தேடுங்கள். 72-ஆல் பெருக்கிப் பார்க்கத் தெரிந்த பிள்ளை, போரைப் பற்றிக் கேட்பவற்றையெல்லாம் அப்படியே நம்பிவிட மாட்டான்.